கிராஃபிட்டி எண்டா கிறுக்கலா, கீறலா?

மதிலில ஆரிட்டயும் கேளாம எழுதுற, படம் போடுற கிராஃபிட்டிக்குத் தமிழ் தேடினா முதல்ல வந்து நிக்கிறது "சுவர்க் கிறுக்கல்". எனக்கு அந்தச் சொல்லக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். கிறுக்கல் எண்டா என்ன, அர்த்தமில்லாம இழுத்து வச்ச கோடு, கிறுக்கன்ர வேலை. காணாமலாக்கப்பட்ட மகன்ர முகத்த ஒருத்தர் மதிலில போட்டா அதுக்கும் இதே பேர்தானா? படத்தப் பாக்க முதலே தீர்ப்பு எழுதியாச்சு.

வேரப் பாத்தா கதை வேற. இத்தாலி மொழியில கிராஃபியாரே எண்டா கீறுறது, பிறாண்டுறது. அதில வந்தது கிராஃபிட்டோ, அதின்ர பன்மைதான் கிராஃபிட்டி (அப்ப "ஒரு கிராஃபிட்டி" எண்டுறது பிழை, ஆனா இங்கிலீஷ்காரரே அதக் கணக்கெடுக்கிறேல்ல, எங்களுக்கென்ன). அதுக்கும் பின்னால கிரேக்கத்தில ஒரு வினை, கிராஃபெயின், எழுதுறதுக்கும் வரையிறதுக்கும் ஒண்டேதான். பழந்தமிழிலயும் ஓவியம் "எழுதுறது"தானே. கி.பி. 79இல சாம்பலுக்குள்ள புதைஞ்ச பொம்பெயியத் தோண்டி எடுத்தா, சனம் சுவரில கூர்முனையால கீறின காதலும் வசவும் அப்பிடியே இருந்திருக்கு, 19ஆம் நூற்றாண்டு நடுவில அதுகளுக்குத்தான் இந்தப் பேர் வந்தது. ஸ்ப்ரே கானெல்லாம் பிறகு. 1971இல நியூயோர்க் டைம்ஸ், டாக்கி 183 எண்டு ஊர் முழுக்க எழுதித் திரிஞ்ச பெடியனப் பற்றிப் போட்ட நேரம்தான் கனபேருக்கு இந்த விசயமே தெரிய வந்தது. எங்கட இலங்கையிலயும் இருக்கு, சீகிரியாக் குன்றில "கண்ணாடிச் சுவர்" எண்டுற பழைய மினுக்கின சுவரில பாக்கப் போனவை எழுதிவிட்ட பாட்டுகளில 685ஐ தொல்லியல் ஆய்வாளர் பரணவிதான 1956இல வாசிச்சு வெளியிட்டவர். சிங்களத்தில அதுக்குப் பேர் "குறுட்டு கீ", அதாவது கிறுக்கல் பாட்டு, அவையும் எங்களப் போலத்தான்.

இப்ப விசயத்துக்கு வாறன். ஈழத்தில நாங்கள் படம் "வரையிறது" எண்டு சொல்லுறதவிட "கீறுறது" எண்டுதானே கூடச் சொல்லுறம். ஓ.எல். சோதனைக் கணிதப் பேப்பரிலயும் "வரைபைக் கீறுக" எண்டு வரும். தமிழ்நாட்டு ஆக்கள் கேட்டா ரத்தம் வருமா எண்டு சிரிப்பினம், ஆனா அங்கயும் கீழடிப் பானை ஓட்டில இருக்கிறதத் தொல்லியல்காரர் கீறல் எண்டுதான் எழுதுறவை. இத்தாலிச் சொல்லின்ர அசல் கருத்து எங்கட வாயிலயே கிடக்கு, பிறகேன் கிறுக்கல்? சுவர்க்கீறல் எண்டு எழுதுங்கோ, காணும்.

மியூரல் வேற, லத்தீனில மூருஸ் எண்டா சுவர், அதுக்குச் சுவரோவியம் எண்ட சொல் நல்லாப் பொருந்துது. ரெண்டுக்கும் நடுவில உள்ள வித்தியாசம் உருவத்தில இல்ல, அனுமதியில. 2019 கடைசியில ஜனாதிபதித் தேர்தல் முடிஞ்ச கையோட நாடு முழுக்கப் பெடியள் பிரஷ்ஷத் தூக்கிக்கொண்டு மதில் மதிலாப் படம் போட்டது ஞாபகமிருக்கும், கனக்க இடத்தில பழைய அரசரும் ஆமிக்காரரும்தான். அது சுவரோவியம். ஒருத்தரும் பொலிசுக்குப் பயந்து ஓடேல்ல.

அதுக்காக அநீதியப் பேசுற எல்லாமே சுவர்க்கீறல் ஆகாது. ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997இல "பெரலிசம்" (பெரல் எண்டா பீப்பா) எண்டு தொடங்கினது ஆமி செக்பொயின்டில றோட்டை மறிச்சு வைக்கிற பீப்பாவ வச்சு, திருகோணமலையில வளந்த ஆருக்கும் அந்தப் பீப்பாவ விளங்கப்படுத்தத் தேவையில்ல, ஆனா அது ஓவியக் கலரியில வச்ச வேலை. யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் இடம்பெயர்ந்த ஆக்களிட்ட விட்டிட்டு வந்த வீட்டின்ர படத்தக் கீறித் தரச்சொல்லிக் கேட்டு 2011இல புத்தகமாக்கினவர், அந்தக் கோணல் கோடுகள் எனக்கு எந்தக் கண்காட்சியவிடவும் பெரிசு, ஆனா அது தாளில. மட்டக்களப்பில ஓவியர் வாசுகி ஜெய்சங்கர் பெண்கள் மேல நடக்கிற வன்முறையப் படமாக்கிறவா. இதுகளுக்கு எதிர்ப்போவியம் எண்ட பொதுப்பேர் சரி.

கீறுற ஆள் மற்றாக்கள்ர பிழையத்தான் கீறோணும் எண்டுமில்ல. 2018இல எங்கட திருகோணமலையில ஒரு இந்துப் பள்ளிக்கூடத்தில அபாயா போட்டு வந்த முஸ்லிம் ரீச்சர்மாருக்கு எதிரா ரோட்டில நிண்டது எங்கட சனம்தானே, அதப் பற்றி இந்து மதிலொண்டில ஆரும் கீறினத நான் காணேல்ல. பிரெஜுடிசுக்குத் தப்பெண்ணம் எண்டு வடிவாத் தமிழ் வச்சிருக்கிறம், அந்தச் சொல்ல மற்றப் பக்கத்துக்கு மட்டும்தான் எடுத்து வீசுறம்.

ஸ்டென்சிலுக்கு என்ன சொல்லுறது எண்டும் கேக்கிறவை. பழைய எக்ஸ்ரே ஃபில்மில முகத்தக் கீறி, கறுப்பு வரவேண்டிய இடத்த பிளேடால வெட்டி எடுத்து, மதிலில அமத்திப் பிடிச்சு ஸ்ப்ரே அடிச்சா ஒரு நிமிசத்தில ஆள் சுவரில. கண்ணுக்குள்ள இருக்கிற வெள்ளைத் துண்டு கழண்டு விழாம மெல்லிசா ஒரு இணைப்பு விட்டு வெட்டோணும், மறந்தா கண் இருக்கிற இடத்தில கறுப்பு ஓட்டைதான் வரும். எங்கட கடற்கரைப் பக்கம் உப்புக்காத்தில மதில் பூச்சு பொருமி நிக்கும், முதல்ல துடைச்சுச் சுரண்டாட்டி பெயின்ட் பூச்சோட சேர்ந்து உரிஞ்சு வரும். வெட்டித்தான் செய்யிறதால நான் "வெட்டுத்தாள்" எண்டு எழுதுறன், "படிவத்தகடு" எண்டும் சிலர் எழுதுகினம், அது எனக்குக் கந்தோர் ஃபோர்ம் நிரப்பிற மாதிரிக் கிடக்கு.