சென்செக்ஸ்: குறியீட்டெண்ணா, சுட்டெண்ணா?

என் அத்தை அஞ்சலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் சாயங்காலம் டிவியில், “மும்பை பங்குச் சந்தை குறியீட்டு எண் சென்செக்ஸ் கடும் சரிவு” என்று வாசித்தார்கள். அத்தை என் பக்கம் திரும்பி, “ஏண்டா, குறியீட்டு எண்ணுன்னா பின்கோடு இல்லையா? அது எப்படிடா சரியும்?” என்றார்.

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. முகவரியின் கடைசியில் எழுதும் ஆறு இலக்கத்துக்கு அஞ்சல் குறியீட்டு எண் என்று பெயர். அது ஏறாது, இறங்காது. அதே பெயரைத்தான் நாள் முழுக்க ஏறி இறங்குகிற ஓர் எண்ணுக்கும் வைத்திருக்கிறோம்.

முதலில் சென்செக்ஸ் என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். அது ஒட்டுச்சொல். சென்சிட்டிவ் என்பதன் தலையையும் இண்டெக்ஸ் என்பதன் வாலையும் சேர்த்துத் தைத்தது. மும்பை பங்குச் சந்தை 1875-ல் தொடங்கிய பழைய சந்தை. அதற்கும் முன்பு நகர மண்டபத்துக்கு எதிரே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடிப் பேரம் பேசிய கதை பலருக்குத் தெரியும். இவ்வளவு பழைய சந்தை, பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் இந்த அளவுகோலைத் தனக்கென்று வெளியிடத் தொடங்கியது 1986 ஜனவரி 1-ல்தான். சென்சிட்டிவ் இண்டெக்ஸ் என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்ததை அந்தப் பத்தாண்டிலேயே ‘சென்செக்ஸ்’ என்று சுருக்கியவர் தீபக் மொஹோனி என்ற சந்தை ஆய்வாளர். பெயர் ஒட்டிக்கொண்டது. சென்சிட்டிவ் என்றால் இங்கே சட்டென்று உணரக்கூடியது, தொட்டாற்சிணுங்கி மாதிரி. தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டியும் இதே பாணிதான்: நேஷனலும் ஃபிஃப்டியும் கலந்தது. 1996-ல் வந்தது, 50 கம்பெனிகள்.

இவை இடுகுறிப் பெயர்கள் மாதிரி ஆகிவிட்டன. முருகேசன் என்ற பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. சென்செக்ஸும் அப்படியே இருக்கட்டும். தமிழ் தேவைப்படுவது அதன் வாலுக்கு, அதாவது இண்டெக்ஸுக்கு.

இண்டெக்ஸ் லத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது என்று பொருள். ஆள்காட்டி விரலுக்கும் அதுதான் பெயர். ஒரு சொல் பல வேலைக்குப் போனது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று காட்டினால் அதுவும் இண்டெக்ஸ், தமிழில் சொல்லடைவு. கணக்கில் ஓர் எண்ணின் தோளில் உட்காரும் சின்ன எண்ணும் இண்டெக்ஸ். நமக்கு அது அடுக்கு. பொருளியலில் விலை எவ்வளவு நகர்ந்தது என்று காட்டினால், தமிழ்நாட்டுப் பாடநூலில் குறியீட்டெண், இலங்கையில் சுட்டெண். கொழும்புப் பங்குச் சந்தையின் எண்ணுக்கு அங்கே ‘அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்’ என்று பெயர். விலைவாசிக்கு ‘கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்’.

என் ஓட்டு இலங்கைக்குத்தான். ஆள்காட்டி விரலை நாமும் சுட்டுவிரல் என்கிறோம். அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்று பள்ளியில் படித்தோம். ‘அவன்’ என்று மட்டும் சொன்னால் ஆள் யாரென்று தெரியாது. எதைச் சுட்டுகிறது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. சந்தை எண்ணும் அப்படித்தான். குறியீடு வேறு. இந்த ஊருக்கு இந்த எண் என்று கூடிப் பேசி வைத்துக்கொள்வது குறியீடு. கவிதையில் புறா சமாதானத்துக்குக் குறியீடு. புறாவின் எடை கூடினால் சமாதானம் கூடாது. சுட்டெண்ணோ தான் சுட்டும் பொருள் அசைந்தால் கூடவே அசையும். குறியீட்டெண் என்று எழுதினால் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை, அது வழக்கில் ஊறிவிட்டது. நான் இனி சுட்டெண் என்றே எழுதுகிறேன்.

சரி, இந்த விரல் எதைச் சுட்டுகிறது?

இது சந்தைக்காகப் பிறந்த கருவி இல்லை. 1764-ல் இத்தாலியின் கார்லி என்பவர் தானியம், திராட்சை மது, எண்ணெய் மூன்றின் விலையையும் எடுத்து, 1500-க்கும் 1750-க்கும் நடுவில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒரே எண்ணில் சொல்லப் பார்த்தார். பங்குக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் சார்லஸ் டவ். 1896 மே 26 அன்று 12 கம்பெனிகளின் பங்கு விலையைக் கூட்டி 12-ஆல் வகுத்தார். வந்தது 40.94. பென்சிலும் காகிதமும் போதும். ஆனால் ஒரு கோளாறு உண்டு: விலை அதிகமான பங்கு, கம்பெனி சின்னதாக இருந்தாலும், சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

சென்செக்ஸ் அப்படி விலையைக் கூட்டுவதில்லை, மதிப்பைக் கூட்டுகிறது. சுட்டெழுத்துகளையே கம்பெனிகளாக வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். ‘அ’ கம்பெனியின் எல்லாப் பங்குகளும் சேர்ந்து 1,000 கோடி பெறும். ஆனால் அதில் 60 சதவீதம் நிறுவனர் குடும்பத்தின் கையில் தூங்குகிறது, சந்தைக்கு வராது. மிச்சம் 400 கோடி. ‘இ’ 500 கோடி பெறும், அதில் 100 கோடி நிறுவனருடையது, மிச்சம் 400. ‘உ’ 400 கோடி, பாதி நிறுவனருக்கு, மிச்சம் 200. மூன்றும் சேர்ந்து 1,000 கோடி. இதை 100 என்று வைத்துக்கொள்வோம், அதாவது 10-ஆல் வகுக்கிறோம். ஒரு வருடம் கழித்து ‘அ’ 20 சதவீதம் ஏறி 480, ‘இ’ 5 சதவீதம் இறங்கி 380, ‘உ’ 10 சதவீதம் ஏறி 220. மொத்தம் 1,080. சுட்டெண் 108.

இப்போது ‘உ’வை வெளியே அனுப்பிவிட்டு, 440 கோடி மதிப்புள்ள ‘எ’வைச் சேர்க்கிறார்கள். மொத்தம் 1,300 ஆகிவிடும். பழைய வகுத்தியை வைத்தால் சுட்டெண் 130-க்குக் குதிக்கும். யாருக்கும் ஒரு ரூபாய் லாபம் வரவில்லை, எண் மட்டும் குதித்தால் அது பொய்ச் சுட்டு. ஆகவே வகுத்தியை 12.04 என்று மாற்றி, எண்ணை 108-லேயே நிறுத்துவார்கள். அடுத்த அசைவு அங்கிருந்து தொடங்கும். சென்செக்ஸின் சூட்சுமமே இந்த வகுத்திதான். செய்தியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

நிஜக் கணக்கில் மூன்றுக்குப் பதில் 30 கம்பெனிகள். 100 என்று வைத்துக்கொண்டது 1978-79 நிதியாண்டை. நிறுவனர் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவது 2003 செப்டம்பரில் வந்த முறை. அதற்கு முன் முழு மதிப்பையும் எடுத்தார்கள். பட்டியலை வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், திருத்துவது வழக்கம். அம்பாசடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் முதல் பட்டியலில் இருந்தது. 2024 டிசம்பரில் ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் போய், சாப்பாடு கொண்டு வரும் ஜொமேட்டோ வந்தது. சில சமயம் தவணைக்கும் காத்திருப்பதில்லை: 2009 ஜனவரியில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் கணக்கில் புளுகியதை ஒப்புக்கொண்டதும், அந்த மாதமே அதைத் தூக்கிவிட்டு சன் பார்மாவை உட்காரவைத்தார்கள். ஆக, சென்செக்ஸ் 45 வருடத்தில் எண்ணூறு மடங்கு ஏறியது என்று கேட்கும்போது, நடுவில் தோற்றவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தனியாக ஒரு பங்கை வாங்கி அலமாரியில் வைத்தவருக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்து ‘புள்ளி’. ஊரில் பெரும்புள்ளி என்றால் செல்வாக்குள்ளவர். சந்தைச் செய்தியிலும் புள்ளிக்கு அளவுக்கு மீறிய செல்வாக்கு. 1992 ஏப்ரல் 28 அன்று, பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெடித்த நாட்களில், சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. 2024 ஜூன் 4 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளில், 4,390 புள்ளி விழுந்தது. எது பெரிய அடி? முதலாவதுதான். அன்றைக்குப் போனது கிட்டத்தட்ட 12.8 சதவீதம், 2024-ல் போனது 5.7. எண் பெரிதாகப் பெரிதாகப் புள்ளி மலிந்துகொண்டே போகும். சென்செக்ஸ் முதல்முறை 1,000-ஐத் தொட்டது 1990 ஜூலையில். அப்போது 10 புள்ளி என்றால் ஒரு சதவீதம். 80,000-ல் அது 800 புள்ளி. இதைத் தெரிந்துகொண்டால் தலைப்புச் செய்தியில் பாதி பயம் போய்விடும்.

‘சென்செக்ஸில் முதலீடு’ என்கிறார்களே, விரலை எப்படி வாங்குவது? முதலீடு நல்ல தமிழ்ச் சொல். முதலை இடுவது முதலீடு. முதலை இடுவதற்குப் பொருள் வேண்டும். எண்ணில் இட முடியாது. அந்த எண் சுட்டும் 30 பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் ஒரு கூடையில்தான் இட முடியும். அதுதான் இண்டெக்ஸ் ஃபண்ட். விளம்பரங்களில் குறியீட்டு நிதி; சுட்டெண் நிதி என்றால் இன்னும் தெளிவு. அமெரிக்காவில் ஜான் போகிள் 1976-ல் பொதுமக்களுக்காக இப்படி ஒன்றைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரளும் என்று எதிர்பார்த்தார்கள், திரண்டது 1.13 கோடி. ‘போகிளின் மடத்தனம்’ என்று தொழிலில் இருந்தவர்களே கேலி செய்தார்கள். கெட்டிக்கார மேலாளர் இல்லாமல் பட்டியலைப் பார்த்து அப்படியே வாங்குவதா என்பதுதான் கேலி. அப்படி வாங்குவதால்தான் செலவு குறைந்தது, அதனாலேயே பிற்பாடு ஜெயித்தது.

இந்தியாவில் இரண்டு வழி பரவலானவை. ஒன்று சாதாரண பரஸ்பர நிதி வடிவம்: டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தேவையில்லை, மாதம் 500 ரூபாய் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை, போட்டாலும் போதும், அன்றைய முடிவு மதிப்பில் யூனிட் கிடைக்கும். இன்னொன்று ஈடிஎஃப்: பங்கு மாதிரியே சந்தை நேரத்தில் வாங்கி விற்கலாம், டீமேட் வேண்டும். வாங்கும் ஆள் குறைவான ஈடிஎஃப்பில் விலை நிஜ மதிப்பிலிருந்து விலகி நிற்கும். அதைக் கவனிக்காமல் வாங்கிக் கையைக் கடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். சம்பளக்காரருக்கு முதல் வழியே போதும் என்பேன். எல்லா சென்செக்ஸ் நிதிகளும் அதே 30 பங்கைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியது இரண்டே: ஆண்டுச் செலவு எத்தனை சதவீதம், சுட்டெண்ணிலிருந்து எவ்வளவு பின்தங்குகிறது. 2013 முதல் இருக்கும் டைரக்ட் திட்டத்தில் இடைத்தரகர் கமிஷன் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டு லாபம் 1.25 லட்சத்துக்கு மேல் போகும் பகுதிக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் 20. இது 2024 ஜூலையில் வந்த விகிதம்.

மூன்றாவது வழியும் உண்டு. சுட்டெண் நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் கட்டுவது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. “சுட்டெண்ணுன்னா கையைச் சுட்ட எண்ணுதானே?” என்பார் என் நண்பர் ஒருவர். அவர் அந்த 93-ல் ஒருவர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. நாம் செய்தியில் கேட்கும் சென்செக்ஸ் பங்கு விலையை மட்டும் சுட்டுகிறது. கம்பெனிகள் கொடுக்கும் ஈவுத்தொகை அதில் இல்லை. அதையும் சேர்த்துக் கணக்கிடும் எண் தனியாக வருகிறது. நிதி நிறுவனத்தின் திறமையை அதோடு ஒப்பிடுவதே முறை. அப்புறம், இந்த விரல் மேலேயே காட்டிக்கொண்டிருக்கும் என்றும் இல்லை. 1992 ஏப்ரலில் 4,000-க்கு மேல் இருந்த எண், பதினோரு வருடம் கழித்து 2003 ஏப்ரலில் 3,000 பக்கம் கிடந்தது. 2008 ஜனவரியில் தொட்ட 21,000 அந்த அக்டோபருக்குள் 8,000-க்கும் கீழே போய் வந்தது; பழைய உச்சியை நிலையாகத் தாண்ட 2013 கடைசி வரை ஆனது. பெண்ணின் கல்யாணத்துக்கு இரண்டு வருடத்தில் வேண்டிய பணத்தை இங்கே வைப்பவரைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லி முடிக்க இரண்டு காபி ஆனது. “அப்ப நியூஸ்ல என்னதான் படிக்கணும்?” என்றார். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘மும்பைப் பங்குச் சுட்டெண் சென்செக்ஸ் இன்று அரை சதவீதம் இறங்கியது.’ படித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு மியூசிக் போட்டான்?” என்று டிவியை அணைத்தார்.