'லாக் இன்' என்ற சொல்லுக்குள் ஒரு மரக்கட்டை

வங்கிச் செயலியைத் திறந்தாலும், ரயிலுக்கு முன்பதிவு செய்யப் போனாலும், முதலில் 'லாக் இன்' செய்ய வேண்டியிருக்கிறது. இதிலுள்ள 'லாக்' பூட்டைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். தமிழ் எழுத்தில் இரு சொற்களும் ஒன்றுபோலவே அமைவதாலும், கடவுச்சொல் ஒரு சாவியைப் போலத் தோன்றுவதாலும், அப்படி எண்ணுவது இயல்புதான். ஆனால் பூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வேறு. இந்த 'லாக்' மரக்கட்டையைக் குறிப்பது.

நடுக்கடலில் செல்லும் பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, அசையாத ஏதேனும் ஒரு குறி வேண்டும். அதற்காக ஆங்கிலேய மாலுமிகள் கயிற்றில் கட்டிய ஒரு கட்டையைப் பின்பக்கமாகக் கடலில் வீசினார்கள். வில்லியம் போர்ன் 1574இல் வெளியிட்ட கடலோடிக் கையேட்டிலேயே இம்முறை விளக்கப்பட்டுள்ளது. பின்னாளில் அக்கட்டை கால்வட்ட வடிவப் பலகையாயிற்று. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருந்ததால் அது நீரில் செங்குத்தாக நின்று, கப்பலோடு இழுபடாமல் ஏறத்தாழ அதே இடத்தில் தங்கியது. ஒருவர் கயிற்று உருளையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பார். இன்னொருவர் மணற்கடிகாரத்தை ஏந்தி நிற்பார். மூன்றாமவர் பலகையை வீசிவிட்டு, கை வழியே ஓடும் கயிற்றின் முடிச்சுகளை எண்ணுவார். மணல் தீர்ந்ததும் குரல் எழும், கயிறு நிறுத்தப்படும். சட்டென்று ஓர் இழுப்பு இழுத்தால் பலகையிலுள்ள முளை கழன்று, பலகை படுத்துக்கொள்ளும்; பிறகு அதை எளிதாக மேலே இழுத்துவிடலாம்.

இதிலுள்ள கணக்கு அழகானது. நிலைபெற்ற அளவின்படி முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம். மணல் ஓடும் நேரம் 28 நொடி. 28 நொடியில் ஒரு முடிச்சு கடந்தால், ஒரு மணி நேரத்தில் 6,075 அடி கடந்திருக்கும். இன்றைய கடல் மைல் 1,852 மீட்டர், அதாவது சுமார் 6,076 அடி. ஆகவே எண்ணிய முடிச்சுகளின் தொகையே மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேகமாகிவிடும். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்ற அலகில் சொல்வது இதனால்தான். அச்சொல்லுக்கு முடிச்சு என்றே பொருள்.

அளந்த வேகத்தைக் கப்பலில் இருந்த வேறொரு பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, பிறகு ஏட்டில் படியெடுத்தார்கள். கரை தெரியாத கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணிக்க அந்த ஏடே ஆதாரம். கட்டையின் பெயர் ஏட்டுக்கு வந்து, அது 'லாக் புக்' ஆயிற்று. திசை, காற்று, கப்பலில் நிகழ்ந்தவை எல்லாம் அதில் ஏறின. நாளடைவில் 'புக்' உதிர்ந்து, 'லாக்' என்றாலே பதிவேடு என்றும், வினையாக வரும்போது பதிவு செய்தல் என்றும் ஆயிற்று.

கணினிக்கு இச்சொல் வந்த காரணம், நேரத்தைக் கணக்கிட வேண்டியிருந்ததே. 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் 'சிடிஎஸ்எஸ்' அமைப்பைச் செய்துகாட்டியது. கணினி நேரம் அன்று மிக விலை உயர்ந்தது. யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று கணக்கு வைத்தாக வேண்டும். எனவே பயனர் 'லாகின்' என்று தட்டச்சு செய்து, திட்ட எண்ணையும் பெயரையும் தந்து வேலையைத் தொடங்குவார்; 'லாக் அவுட்' செய்யும்போது செலவான நேரம் அச்சாகும். கடவுச்சொல் காவல் காப்பது. 'லாக் இன்' என்ற சொல் குறிப்பதோ பதிவேட்டில் ஏறுவதை. 'இன்', 'அவுட்' என்ற சிறு சொற்கள் அப்பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுகின்றன.

தமிழில் 'உள்நுழை' என்ற சொல்லே இப்போது பெருவழக்கு. அதில் 'இன்' இருக்கிறது, 'லாக்' இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கிய 'புகுபதிகை' இரண்டையும் தாங்குகிறது: 'புகு' உள்ளே வருவதைச் சொல்ல, 'பதிகை' அந்தக் கப்பல் ஏட்டின் பொருளைக் கொண்டுவருகிறது. வெளியேறுவதற்கு அங்கே 'விடுபதிகை' என்றார்கள்.