ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு ஒரு கேமரா

கேமரா வாங்கப் போகுமுன் ஒரு நாள் இரவு 8 மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒரு ட்யூப்லைட், மூலையில் சாமி விளக்கு, ஓரிடத்தில் நிற்காத குழந்தை. பிறந்தநாள் கேக், கொலு, பாட்டி மடியில் பேரன் என்று குடும்பங்கள் ஆசைப்பட்டு எடுக்கும் படங்களில் பெரும்பகுதி இந்த வெளிச்சத்தில்தான் எடுக்கப்படுகிறது. கடையில் காட்டும் மாதிரிப் படங்களோ நல்ல வெயிலில் எடுத்தவை. வெயிலில் எல்லாக் கேமராவும் நன்றாக எடுக்கும், கையில் இருக்கும் போனும் எடுக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் வெளிச்சம் குறைந்தால்தான் தெரியவரும். அதனால் நீங்கள் படமெடுக்கப்போகும் இடங்களில் மிக இருட்டானது எதுவோ, அதை மனதில் வைத்துத் தேடுங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12க்கு 15 அடி அறையில் ஒரு 20 வாட் எல்இடி ட்யூப் எரிந்தால் கிடைக்கும் வெளிச்சம் தோராயமாக 80 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. பேசிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் இருக்கும் ஒருவர் கலங்காமல் பதிய ஷட்டர் வேகம், அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம், 1/125 நொடியாவது வேண்டும், ஓடும் குழந்தைக்கு 1/250. கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 5.6 (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு அகலமாகும்). அந்த அறையில் எஃப் 5.6, 1/125 நொடி என்று வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன் எண், 12,800ஐத் தொட்டுவிடும். முகத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதைக் கேமரா துடைக்கப் பார்க்கும்போது தோல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். அதே அறையில், அதே கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். ஐஎஸ்ஓ சுமார் 1,250 போதும். கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர சென்சார் கேமராவை விட்டு ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாருக்குப் போனால், படம் பதியும் அந்தச் சென்சாரின் பரப்பு சுமார் 2.3 மடங்குதான் கூடும், செலவு அதைவிட அதிகமாகவே கூடும். பணத்தை எங்கே போடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) சாதாரணமாக இருக்கட்டும், அகலத் திறப்புள்ள ஒரு லென்ஸ் கட்டாயம் இருக்கட்டும்.

எந்த லென்ஸ் என்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. விலை குறைவு என்பதால் எல்லாரும் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குகிறார்கள். அருமையான லென்ஸ்தான், ஆனால் ஏபிஎஸ்-சி கேமராவில் அது வீட்டுக்குள் இடம் கொடுக்காது. கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்து 10 அடி தள்ளி நின்றாலும் படத்துக்குள் வரும் அகலம் 4.7 அடி. மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவரின் தோள் வெட்டுப்படும். முதுகில் சுவர் இடிக்கும்போது பின்னால் போக முடியாது. அதே 10 அடியில் 35 மி.மீ. லென்ஸ் 6.7 அடியையும், 24 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 9.8 அடியையும் பிடிக்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் வீட்டுப் படங்களுக்கு 24க்கும் 35க்கும் நடுவில் ஒன்றை எடுங்கள். நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு (வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடும் கண்ணாடி உள்ளே இருக்கும் கேமரா) 35 மி.மீ. எஃப் 1.8 ஜி, நிக்கான் இசட் வரிசைக்கு 24 மி.மீ. எஃப் 1.7, சோனிக்கு சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 என்று ஒவ்வொரு மவுண்டுக்கும் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) ஒன்றாவது உண்டு.

அகலத் திறப்புக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டும். ஐந்தடி தூரத்தில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 அங்குலம்தான். மாலையும் கழுத்துமாக நிற்கும் தம்பதியில் ஒருவர் அரை அடி பின்னால் நின்றால் அவர் முகம் மங்கிவிடும். இரண்டு வரிசைக் குழுப் படத்துக்கு எஃப் 4, 5.6 என்று மூடியே ஆகவேண்டும். அப்போது வெளிச்சம் போதாது. அதற்குத் தலை திருப்பக்கூடிய ஃபிளாஷ் ஒன்றை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடிப்பதுதான் வழி. நேராக முகத்தில் அடித்தால் நெற்றி பளபளக்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும்.

‘ஸ்டெபிலைசர் இருக்கிறது, இருட்டில் ஷேக் ஆகாது’ என்று கடையில் சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும் சமாளிக்கும். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தாது. கோயில் தூணையும் சிற்பத்தையும் எடுக்கப் பயன்படும், பிறந்தநாள் விழாவுக்கு அல்ல.

இனி சென்சார். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது மெகாபிக்சல், அச்சிடாமல் விடுவது சென்சாரின் அளவு. ஃபுல் ஃபிரேம் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6, கேனானில் சற்றுக் குறைவாக 22.3க்கு 14.9. மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் 17.3க்கு 13. ‘1 இன்ச்’ என்று பெயர் வாங்கிய சென்சார் உண்மையில் 13.2க்கு 8.8 மி.மீ.தான். பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. சாதாரண பாக்கெட் கேமராவிலும் பெரிய ஜூம் கேமராவிலும் இருக்கும் 1/2.3 இன்ச் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மி.மீ., ஏபிஎஸ்-சியின் பரப்பில் 13இல் ஒரு பங்கு. நிக்கான் பி1000 போன்ற 125 மடங்கு ஜூம் கேமராவில் இருப்பது இந்தச் சின்ன சென்சார்தான். ஜூமை முழுக்க நீட்டினால் திறப்பும் எஃப் 8க்கு இறங்கிவிடும். நிலாவுக்கும், பகலில் தூரத்துப் பறவைக்கும் அது நல்ல கருவி. கூடத்துக்கு வேண்டாம்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6க்கு 4 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும், ஏ4 அளவுக்கு 8.7, கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 அங்குலத் தாளுக்கு 19.4. இன்று விற்கும் 24 மெகாபிக்சல் கேமரா எல்லாவற்றுக்கும் தாராளம்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பெயர் தெரியாத நிறுவனங்களின் ‘48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்’ டிஜிட்டல் கேமராக்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாக நிறையப் பேர் வாங்குகிறார்கள். சிறிய சென்சார் கொடுக்கும் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கி 48 என்று எழுதிவிடுகிறார்கள். ஜூம் என்பதும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். விவரப் பட்டியலில் மூன்றைத் தேடுங்கள்: சென்சார் அளவு, லென்ஸின் எஃப் எண், ஆப்டிகல் ஜூம் (லென்ஸே நகர்ந்து செய்யும் ஜூம்). மூன்றில் எதுவும் எழுதப்படாமல் மெகாபிக்சல் மட்டும் இருந்தால் அந்தக் கேமரா உங்கள் போனைவிட மோசமாக எடுக்கும். பகலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் உங்கள் தேவை என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், போனின் லென்ஸை மென்துணியால் துடைத்தாலே பாதிக் குறை தீரும்.

டிஎஸ்எல்ஆரா, உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸா? புதிதாக வாங்குபவர்களுக்கு மிரர்லெஸ் நல்லது. எஃப் 1.8இல் ஆழம் 5 அங்குலம் என்றோமே, அங்கே ஃபோகஸ் மூக்கில் விழுந்தால் கண் மங்கும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இப்போதைய மிரர்லெஸ்களில் இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து ஃபோகஸ் புள்ளியை நாமே கண்மேல் வைக்க வேண்டும். மறுபக்கம், நிக்கான் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. ஆரம்பநிலை மிரர்லெஸ்கள் பெரும்பாலும் 300, 400 என்று நிற்கும், கூடுதல் பேட்டரியின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். பணம் குறைவாக இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆரும் அதற்கான 35 மி.மீ. லென்ஸும் சேர்ந்தது இன்றும் நல்ல ஜோடி.

ஆனால் பழையது வாங்கும்போது மவுண்ட் விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். அதற்குள் மோட்டார் கிடையாது, கேமரா பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்கள் எதிலும் அந்த மோட்டார் இல்லை. மாட்டினால் படம் வரும், ஆட்டோஃபோகஸ் வராது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதற்கு அடையாளமாகப் பெயரில் ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ என்று இருக்கிறதா பாருங்கள், ஏஎஃப்-பி என்றால் உங்கள் பாடியோடு ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். கேனானில் இன்னொரு பள்ளம்: எம்50 போன்ற ஈஎஃப்-எம் மவுண்ட் கேமராக்கள். 2012இல் தொடங்கிய அந்த வரிசையைக் கேனான் நிறுத்திவிட்டது. இப்போதைய ஆர்எஃப் லென்ஸ்கள் அதில் ஏறாது, ஈஎஃப்-எம் லென்ஸ்கள் ஆர் வரிசைக் கேமராவிலும் ஏறாது. பழைய ஈஎஃப் லென்ஸை மட்டும் அடாப்டர் போட்டு இரண்டிலும் பயன்படுத்தலாம். மலிவாகக் கிடைத்தால் எம்50 நல்ல கேமராதான், ஆனால் அதை வைத்துப் படிப்படியாக மேலே போக முடியாது என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

பழைய கேமராவைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்ன டார்ச்சும் உங்கள் சொந்த மெமரி கார்டும் எடுத்துப் போங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. தொடக்கத்தில் துடைக்கலாம். விட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அதற்குப் பிறகு சுத்தம் செய்தாலும் தடம் போகாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ் என்றால் கட்டாயம் பாருங்கள். ஒன்றிரண்டு தூசித் துகளுக்காக நல்ல லென்ஸைத் தள்ளிவிட வேண்டாம், அது படத்தில் தெரியாது.

அடுத்து, லென்ஸை எஃப் 16இல் வைத்து ஃபோகஸைக் கலைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். படத்தில் விழும் சாம்பல் புள்ளிகள் சென்சாரில் இருக்கும் தூசி. ஊதினால் போவது பரவாயில்லை, கோடுகளாக இருந்தால் கீறல். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது நிக்கானில் படக் கோப்பிலேயே பதிந்திருக்கும், போனிலிருந்தே பார்த்துவிடலாம். கேனானின் பழைய மாடல்களில் அப்படிப் பதியாது, தனி மென்பொருள் வேண்டும். ஆரம்பநிலைக் கேமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் முறை என்ற அளவுக்குச் சோதிக்கப்பட்டது. 20,000 அடித்தது நல்லது, 80,000 தாண்டியது என்றால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். அடிப்பக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பாடியின் அடியில் உள்ள சீரியல் எண்ணும், பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய கேமராவுக்கும் இதேதான். ‘பில் வேண்டாம் என்றால் 5,000 குறைக்கிறேன்’ என்பவரிடம் வாங்கினால் வேறு நாட்டுக்காக வந்த சரக்காக இருக்கலாம், இந்திய வாரண்டி கிடைக்காது. சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும் முத்திரையிட்ட வாரண்டி கார்டும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடையில் சோதிக்கும்போது வாசல் பக்கம் போகாதீர்கள். கடையின் மிக இருட்டான மூலையில், கூட வந்தவரைத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லி, 1/125 நொடியில் 10 படம் எடுங்கள். கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கணினித் திரையில் 100 சதவீதத்தில் கண்களைப் பாருங்கள். கேமராவின் பின்திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள், இருபது வருடம் கழித்து அந்தப் படம் எப்போது எடுத்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும். அப்பெர்ச்சர் ப்ரையாரிட்டி (திறப்பை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை), ஆட்டோ ஐஎஸ்ஓ, உச்சவரம்பு 6,400, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று வைத்துவிட்டால் வீட்டில் யார் கையில் கொடுத்தாலும் படம் வரும். எல்இடி விளக்கின் கீழ் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் கேமரா கெட்டுப்போகவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடிகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, 1/100 நொடியில் வைத்தால் பட்டை போய்விடும்.

கார்டில் போலிகள் ஏராளம். 128 ஜிபி என்று காட்டும், 30 ஜிபிக்குப் பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும். புதுக் கார்டு முழுவதையும் ஒருமுறை வீடியோவால் நிரப்பிக் கணினியில் திறந்து பார்த்த பிறகே விழாவுக்கு எடுத்துப் போங்கள். வி30 (நொடிக்கு 30 மெகாபைட்டாவது எழுதும் வேகம்) என்று அச்சிட்ட கார்டு போதும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிபி நிரம்பும்.

கேமராவோடு வரும் தோல் உறையில் அதை நிரந்தரமாக வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துப் பூஞ்சைக்குக் கொடுக்கும். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று போதும். மீட்டர் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி, 30க்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் மசகும் ரப்பரும் காய்ந்துபோகும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது. தட்டில் பரப்பி 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் திரும்பப் போடுங்கள். மாதம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கமான முற்றத்துக்குப் போகும்போது மட்டும் பையை உடனே திறக்காமல் 20 நிமிடம் மூடியே வையுங்கள், இல்லையென்றால் லென்ஸ்மேல் பனி படிந்து உள்ளேயும் இறங்கும்.