ஒரே தமிழ்ச்செல்வி, மூன்று நம்பர்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் ஓபி கவுண்டரில் தமிழ் காதில் விழும். கிருஷ்ணகிரி, திருப்பத்தூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள், அல்சூர், ஸ்ரீராமபுரத்துக்காரர்கள் எல்லாம் ஒரே வரிசை. கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் கன்னடக்காரர். ‘தமிழ்ச்செல்வி’ என்று கேட்டதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். போன வருஷம் இன்னொருவர் வேறு மாதிரி தட்டியிருந்தார். தேடினால் பழைய பதிவு வராது, உடனே புது நோயாளி நம்பர். பழைய நம்பரில் எழுதியிருந்த பென்சிலின் அலர்ஜி டாக்டரின் திரைக்கு வராமலே போகும்.

இரண்டு பதிவும் ஒரே ஆளுடையதா என்று கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்கிறது?

பல மென்பொருள்களில் பெயர்த் தேடலுக்கு இன்னும் இருப்பது சவுண்டெக்ஸ்: ஒலியை வைத்துப் பெயருக்கு ஒரு குறியீடு போடும், குறியீடு ஒன்றானால் ஒரே பெயர் என்று எடுத்துக்கொள்ளும். 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை வாங்கிய முறை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளையும் ‘எச்’, ‘டபிள்யூ’, ‘ஒய்’ மூன்றையும் தள்ளிவிட்டு, மிச்ச மெய்களை ஆறு குழுவாக்கி மூன்று இலக்கம் போடும். கவிதாவை ‘எச்’ சேர்த்து எழுதினாலும் விட்டாலும் கே-130 தான், அதுவரை நல்லது. ழகரம் வந்தால் தகராறு. தமிழ்ச்செல்வியின் ழகரத்துக்கு ‘எல்’ போட்டால் டி-542, ‘இசட்-எச்’ போட்டால் டி-524. ஏழுமலைக்கும் இதே கதி. பாக்கியத்துக்கு முதல் எழுத்தே கண்டம்: ஆங்கிலத்தில் வல்லொலிக்கு ஒரு ‘பி’, மெல்லொலிக்கு ஒரு ‘பி’, தமிழுக்கு ஒரே ‘ப’. முதல் எழுத்து மாறினால் சவுண்டெக்ஸுக்கு அவர் வேறு ஆள்.

போதாக்குறைக்கு ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டம். நம்மிடம் இருப்பதோ இனிஷியல். ஒருவர் ஒற்றை எழுத்து போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார், கட்டத்தைக் கடந்தால் போதும் என்று புள்ளி வைப்பவரும் உண்டு. பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறிவிடுகிறது.

அதனால் பெயரை மட்டும் நம்பாமல் எல்லாக் கட்டங்களுக்கும் மதிப்பெண் போடும் முறை வந்தது. கனடா புள்ளிவிவரத் துறையின் ஐவன் ஃபெலெகியும் ஆலன் சன்டரும் 1969-ல் அதற்குக் கணித அடித்தளம் போட்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி. ஒரே ஆள் என்றால் இது ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? வேறு வேறு ஆள் என்றால் தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 2-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்தால் மதிப்பெண்.

பாலினம் ஒத்துப்போனால் 1 மதிப்பெண் கூடத் தேறாது, யாரோடும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகும். பிறந்த நாளும் மாதமும் ஒத்துப்போவது 365-ல் ஒன்று; ஒரே ஆளுக்கு 95 சதவீதம் சரியாகப் பதிவாகும் என்று வைத்துக்கொண்டால் 8.4 மதிப்பெண். ஆனால் பிறந்த தேதி தெரியாதவர் வயதை மட்டும் சொன்னால், பல மென்பொருள்கள் தாமாகவே ஜனவரி 1 போட்டுவிடும். பதிவேட்டில் ஐந்தில் ஒருவருக்கு ஜனவரி 1 என்றால் அந்தத் தேதியின் மதிப்பு 2.2-க்கு இறங்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் 8.4 கொடுக்கிற மென்பொருள், ஊர்ப்பட்ட ஜனவரி 1 பாட்டிகளை ஒருவராக்கப் பார்க்கும்.

கூட்டுத்தொகை மேல் எல்லையைத் தாண்டினால் ஒரே ஆள், கீழ் எல்லைக்குக் கீழே போனால் வேறு ஆள். நடுவில் விழுவதை மனிதர் பார்க்க வேண்டும். ஆள் பற்றாக்குறையால் இந்த நடுப்பட்டியல்தான் கேட்பாரற்றுக் கிடக்கும்.

10 லட்சம் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 50,000 கோடி ஜோடி. அவ்வளவையும் ஒப்பிட நேரம் பிடிக்கும் என்பதால் ஒரே பிறந்த வருஷம் அல்லது ஒரே மொபைல் எண் உள்ளவர்களை மட்டும் ஒப்பிடுவார்கள். போன தடவை 43 என்று சொன்னவர் அடுத்த வாரம் ‘நாப்பத்தஞ்சு இருக்கும்’ என்றால், மொபைலும் மாறியிருந்தால், அந்த ஜோடி ஒப்பீட்டுக்கே வராது.

மொபைல் எண் இன்னொரு பொறி. வீட்டுக்கு ஒரு போன் என்றால் அம்மா, மகள், மருமகள் மூவருக்கும் அதே எண், அதே விலாசம். செல்வியும் தமிழ்ச்செல்வியும் அக்கா தங்கையாக இருந்து ஒரே கோப்பில் சேர்ந்துவிட்டால் ஒருவரின் ரத்தப் பிரிவு இன்னொருவர் பெயரில் நிற்கும். ஒருவருக்கு இரண்டு கோப்பு இருப்பதை விட இது ஆபத்து. சேர்ந்ததைப் பிரிக்க, எந்த மருந்துச் சீட்டு யாருடையது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் ‘ஆபா’ எண், அதாவது ஆளுக்கு ஒன்றான 14 இலக்க சுகாதார அடையாள எண், இதில் பாதியைத் தீர்க்கிறது. கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூஆரை நோயாளியே போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, பாலினம் நேரே ஆஸ்பத்திரி மென்பொருளுக்குப் போகும், டோக்கன் வரும். யாரும் காதால் கேட்டுத் தட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆபா எண்ணைப் பழைய நம்பரோடு யாராவது இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் ஆபாவோடு இன்னொரு புது நம்பர் பிறக்கும், அவ்வளவுதான்.

தொழில்நுட்பம் ஏன் ஒரு இடத்தில் நிலைக்கிறது, இன்னொரு இடத்தில் பெயருக்கு இருக்கிறது என்று ஆராய்ந்த ஜொனாதன் க்ரூடின் 1988-லேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: கூடுதல் வேலை ஒருவர் தலையில், பலன் இன்னொருவருக்கு. கவுண்டரில் நடப்பது அச்சு அசல் இதுதான். தேடிப் பார்க்கும் சிரமம் குமாஸ்தாவுக்கு, பலன் மேல்மாடி டாக்டருக்கு. வரிசை வாசல் வரை நிற்கும்போது ‘புது நோயாளி’ பட்டன் ஒரே அழுத்தில் வேலையை முடித்துவிடுகிறது.

அதனால் பயிற்சி வகுப்பை விடத் திரையை மாற்றுவதே பலன் தரும். முதலில் மொபைல் எண்ணால் தேடல். கிடைக்காவிட்டால் பெயரின் முதல் மூன்று எழுத்தோடு பிறந்த வருஷம், இரண்டு வருஷம் முன்பின்னாக. இரண்டும் முடிந்த பிறகுதான் ‘புது நோயாளி’ பட்டன் தெரிய வேண்டும். வயது உத்தேசம் என்றால் ஜனவரி 1-க்குப் பதில் ‘உத்தேசம்’ என்றே ஒரு குறி. நோயாளி தரப்பில் பழைய ஓபி சீட்டைக் கையோடு கொண்டுவரலாம். சீட்டு தொலைந்திருந்தால் அப்போது கொடுத்த மொபைல் எண்ணையாவது சொல்லலாம், சிம் மாறியிருந்தாலும்.