கருவித்துணை விரைவாட்டம்: கருவி வேறு, கருத்தா வேறு

போன மாதம் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் பழைய வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் ஒரு பேச்சு. தமிழில் இப்படியெல்லாம் நடக்கிறதே என்று வேலை முடிந்த கையோடு ஜூரோங்கிலிருந்து கிளம்பிப் போய் உட்கார்ந்தேன். திரையில் நின்டெண்டோ 64 கேம் கன்சோலுக்கு 1999இல் வந்த சூப்பர்மேன் ஆட்டம். நேரத்துக்குள் வளையம் வளையமாகப் பறந்து நுழைய வேண்டும், கட்டுப்பாடு சொன்ன பேச்சைக் கேட்காது, ஊரையே மூடுபனி மறைத்திருக்கும். படுமோசமான ஆட்டங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கும். அதைப் பிசிறே இல்லாமல் ஆடும் காணொளிக்குக் கீழே 'தானியங்கி வேக ஓட்டம்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆன்ட்டி கேட்டார்: "அப்ப கம்ப்யூட்டரே விளையாடுதா தம்பி?"

இந்தத் தமிழாக்கத்தை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இது 'டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன்', சுருக்கமாக டாஸ். ஒரு கேமை முடிந்தவரை சீக்கிரம் ஆடி முடிப்பது ஸ்பீட்ரன்; மென்பொருள் கருவிகளின் துணையோடு அதைச் செய்தால் டாஸ். 1999 வாக்கில் 'டூம்' என்ற கணினி ஆட்டத்தை ஆடியவர்களிடையே புழங்க ஆரம்பித்த பெயர். 2003இல் மோரிமோட்டோ என்பவர் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3ஐ ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடித்த காணொளி உலகம் சுற்றியது. கைத்திறன் என்று நம்பிப் பார்த்த பலர், உண்மை தெரிந்ததும் ஏமாற்று வேலை என்று கோபப்பட்டார்கள். பெயரில் தெளிவு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே போதும்.

சரி, 'தானியங்கி' ஏன் தப்பு? இதில் தானாக இயங்குவது எதுவும் இல்லை. பழைய நின்டெண்டோவில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள். பழைய கன்சோலைப் போலவே கணினியில் இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஆட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்தப் பொத்தான் அழுந்த வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்கிறார். சரிவரவில்லையா, சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் செய்கிறார், ஆயிரக்கணக்கான தடவை. கடைசியில் கையில் மிஞ்சுவது பொத்தான் அழுத்தங்களின் வரிசை மட்டுமே. 2014இல் டாஸ்பாட் என்ற இயந்திரத்தை உண்மையான கன்சோலில் இணைத்து மேடையிலேயே ஆட வைத்தார்கள், ஆனால் அதுவும் மனிதர்கள் முன்பே கோத்து வைத்த பொத்தான்களைத்தான் அழுத்தியது. மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒருவர் செய்த வேலையைத் 'தானியங்கி' என்று எழுதுவது அந்த ஆளின் உழைப்பை அழிப்பது.

நம் இலக்கணத்தில் இதற்குப் பதில் எப்போதோ இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு என்று உயர்நிலைப் பள்ளியில் படித்தோமே. வாளால் வெட்டினான் என்றால் வாள் கருவி, வெட்டியவன் கருத்தா. 'தானியங்கி' என்ற சொல் வாளையே கருத்தா ஆக்கிவிடுகிறது. 'கருவித்துணை' அப்படிச் செய்யாது, ஏனென்றால் துணை என்றாலே துணையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருக்க வேண்டும். கருவி குறளிலேயே இருக்கும் சொல்தான்: "அருவினை யென்ப உளவோ கருவியான் காலம் அறிந்து செயின்." கருவியோடு, காலம் அறிந்து. டாஸ் செய்பவரின் வேலையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்தது 'ஓட்டம்'. ரன் என்றால் உடனே ஓட்டம் என்று கை தன்னால் எழுதிவிடுகிறது. நியாயமாகச் சொன்னால் அது எப்போதும் தவறில்லை. 'வெள்ளோட்டம்' எவ்வளவு அழகான சொல்! ஆனால் அங்கே தேரோ கப்பலோ நிஜமாகவே நகர்கிறது. இங்கே யாரும் ஓடவில்லை, ஒரு ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை ஆடி முடிக்கிறார்கள். அதற்கு 'ஆட்டம்' இருக்கிறது. ஆடு என்ற வினை அசைவதற்கும் நடனத்துக்கும் விளையாட்டுக்கும் பொது, சதுரங்கமோ சடுகுடுவோ 'ஒரு ஆட்டம் போடலாமா' என்றுதான் கேட்போம். 'வேக ஓட்டம்' என்று படித்தால் எனக்குத் தேசிய விளையாட்டரங்கில் நூறு மீட்டர்தான் ஞாபகம் வருகிறது.

'வேகம்' வடசொல் என்பதால் தள்ளவில்லை. வேகம் ஒரு அளவு, விரைவு என்பது சீக்கிரம் முடிப்பது. டாஸில் பாத்திரம் சில ஃபிரேம் சும்மா நிற்கும், வேண்டுமென்றே அடி வாங்கும், சாகக்கூடச் செய்யும், எல்லாம் மொத்த நேரத்தைக் குறைக்கத்தான். வேகம் இல்லை, ஆனால் விரைவு. விரைவுச்சாலை, பெருவிரைவு ரயில் என்று தினமும் புழங்கும் நமக்கு இந்தச் சொல் அந்நியமா என்ன?

அகராதியைத் திறந்து முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். அன்று அதே திரையில், ஆட்டத்தை அப்படியே சேமித்து வைக்கும் 'சேவ் ஸ்டேட்'டுக்கு 'நிலையைக் காப்பாற்று' என்றும் இருந்தது. 'சேமி' என்று நம் பிள்ளைகளே சொல்வார்கள். செய்கிற வேலையை ஒரு தடவை பார்த்துவிட்டு மொழிபெயர்த்திருந்தால் இப்படி வந்திருக்காது.

ஆகவே என் சொல் 'கருவித்துணை விரைவாட்டம்'. நீளம் என்பவர்கள் இரண்டாம் முறை வரும்போது 'துணையாட்டம்' என்று சுருக்கிக்கொள்ளலாம். எந்தத் துணையும் இல்லாமல் கையாலேயே ஆடுவது 'நேரடி விரைவாட்டம்'. அன்று அந்த ஆன்ட்டியிடம் இந்த இரண்டையும் சொன்னேன். "அப்ப இது செஞ்ச ஆளு யாரு?" என்று உடனே கேட்டார்.