புனர்வாழ்வு என்ற சொல்லோடு ஒரு மல்லுக்கட்டு

போன மாதம் வலிகாமத்தில் ஓர் அலுவலகத்துக்குப் படிவம் நிரப்ப உதவி செய்யப் போயிருந்தேன். காது கேளாத மகளுக்குத் தையல் பழக்கி, பிறகு வேலையும் எடுத்துக் கொடுப்பார்களாம் என்று யாரோ சொல்லி ஓர் அம்மா வந்திருந்தார். படிவத்தின் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார்: ‘தொழில்சார் புனர்வாழ்வுச் சேவைகளுக்கான விண்ணப்பம்’. வாசித்ததும் அதை இரண்டாக மடித்து மேசையில் வைத்துவிட்டார்.

“தம்பி, என்ரை பிள்ளை இயக்கத்திலை இருக்கேல்லை. அவளுக்கு ஏன் புனர்வாழ்வு?”

பிள்ளைக்கு இப்போது இருபது வயதுதான். புலிகள் இயக்கத்தோடு நடந்த போர் முடிந்த 2009இல் அவள் சின்னக் குழந்தை. விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. இந்தச் சொல்லால் இப்படி ஒரு குழப்பம் நடப்பதை நான் காண்பது இது முதல் தடவையும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மூலச்சொல். நாங்கள் புனர்வாழ்வு என்று மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல் ரீஹாபிலிட்டேஷன். அதன் வேர் லத்தீனில் உள்ள ‘ஹாபிலிஸ்’. கைக்கு வாகான, பொருந்திய, தகுந்த என்பது அதன் பொருள். முன்னால் ஒட்டிய ‘ரீ’ மீண்டும் என்று சொல்கிறது. ஐரோப்பாவில் இது முதலில் சட்டச் சொல்லாக இருந்தது. பட்டமும் உரிமையும் பறிபோன ஒருவருக்கு அவற்றைத் திருப்பிக் கொடுப்பதைக் குறித்தது. உடம்புக்கும் தொழிலுக்கும் அது பரவலாக வந்தது முதலாம் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பியவர்களால். அமெரிக்கா 1918இல் காயப்பட்ட படையினருக்கும், 1920இல் பொதுமக்களுக்கும் இதற்கெனச் சட்டம் போட்டது. சர்வதேச தொழில் தாபனம் 1955இல் ஒரு பரிந்துரையும் 1983இல் 159ஆம் இலக்கச் சமவாயமும் கொண்டுவந்தது. அந்தச் சமவாயம் இதன் நோக்கத்தைத் தெளிவாகவே சொல்கிறது: மாற்றுத்திறனாளி ஒருவர் தனக்கேற்ற வேலையைப் பெறவும், அதில் நிலைக்கவும், முன்னேறவும் வழிசெய்து, அதன் மூலம் அவர் சமூகத்தோடு இணைவதை வளர்ப்பது. திறனைக் கணிப்பது, பயிற்றுவது, வேலை தேடிக் கொடுப்பது, சேர்ந்த பிறகு போய்ப் பார்ப்பது எல்லாம் இதற்குள் அடங்கும்.

சரி, இதில் ‘வாழ்வு’ எங்கிருந்து வந்தது?

‘புனர்’ வடமொழி. மீண்டும் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை, கோயிலால் தெரியும். புனருத்தாரணம் என்பார்கள், புனராவர்த்தன கும்பாபிஷேகம் என்று நோட்டீஸ் அடிப்பார்கள். இடிந்த கோபுரத்தைத் திரும்பக் கட்டி, கலசத்தைத் திரும்ப வைத்து, நீர் ஊற்றுவதற்கு அது நல்ல சொல். முன்பு ஒன்று இருந்தது, சிதைந்தது, மறுபடி எழுந்தது என்ற முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. (சிலர் இதை மூன்று சுழி ‘ண’ போட்டு எழுதுகிறார்கள். அது வேறு சங்கதி. பதாகையில் அப்படிக் கண்டால் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.)

புனர்வாழ்வு என்ற கூட்டுச்சொல் எங்கள் ஊரில் போரோடு சேர்ந்து வளர்ந்தது. எண்பதுகளில் அது இடம்பெயர்ந்தவர்களுக்கான நிவாரணத்தைக் குறித்தது. தமிழர் புனர்வாழ்வுக் கழகம் 1985இல் தொடங்கியபோது அந்தப் பெயரைக் கேட்டவர் மனதில் வந்தது கூடாரமும் அரிசியும்தான். அமைச்சுகளின் பெயரிலும் மீள்குடியேற்றத்தின் பக்கத்தில் புனர்வாழ்வு வந்து குந்திக்கொண்டது. 2009க்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் பணியகத்தின் கீழ் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். அதன்பின் ‘அவர் புனர்வாழ்வு பெற்றவர்’ என்றால் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே ஒரு பொருள்தான். வேலைக்கு ஆள் எடுக்கும் கடைக்காரர் தயங்குவார், பெண் கொடுக்க வந்தவர் இன்னொரு தடவை விசாரிப்பார். இதற்கு மேலே 2023இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களையும் இந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்தது.

இவ்வளவு சுமை ஏறிய ஒரு சொல்லைத் தூக்கி, தையல் பழக வந்த ஒரு பிள்ளையின் படிவத்தில் ஒட்டினால் தாய் மடித்து வைக்காமல் என்ன செய்வார்?

இதைச் சொன்னால் உடனே தூய தமிழ் நண்பர்கள் குறுக்கே வருவார்கள். “வடசொல்லை விடுங்கோ, மறுவாழ்வு எண்டு போட்டால் முடிஞ்சுது.” எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இந்த ஆலோசனைதான். புனர் போய் மறு வந்தது, பிழை அப்படியே இருக்கிறது. சட்டையை மாற்றினால் ஆள் மாறுமா? தமிழ்நாட்டில் மறுவாழ்வு என்ற சொல்லும் சும்மா இருக்கவில்லை. குடி மறக்க வைக்கும் இடம் மறுவாழ்வு மையம். கணவனை இழந்தவர் இன்னொரு மணம் செய்தால் மறுவாழ்வு. 2021இல் அங்கிருந்த ஈழத்து அகதி முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அகதி என்ற சொல்லின் வலியைக் குறைக்கச் செய்த நல்ல காரியம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் குடிகாரர், கைம்பெண், அகதி எல்லோரும் ஏறிய அதே பஸ்ஸில் காது கேளாத பிள்ளையையும் ஏற்றவேண்டுமா?

‘மீண்டும்’ என்பதுதான் முதல் பிழை. கைதடி நவீல்ட் பாடசாலையில் பிறவியிலேயே செவிப்புலனோ விழிப்புலனோ இல்லாத பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைக்கு எதை மீண்டும் கொடுப்பது? அவள் இழந்த வேலை ஒன்றில்லை, இனித்தான் முதல் வேலை. ஆங்கிலக்காரருக்கே இந்த இடறல் தெரிந்திருக்கிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 26ஆம் உறுப்புரையைப் பாருங்கள். ‘ஹாபிலிட்டேஷனும் ரீஹாபிலிட்டேஷனும்’ என்று இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார்கள், முதல் தடவையாகத் திறன் பெறுபவருக்கு ஒன்று, இழந்ததை மீட்பவருக்கு மற்றது. இலங்கை இதில் 2007இல் கையொப்பமிட்டு 2016இல் ஏற்புறுதி செய்தது. எங்கள் மொழிபெயர்ப்புகளில் அந்த முதல் சொல் மாயமாகிவிடுகிறது. ‘ரீ’ இல்லாத சொல்லுக்குப் புனர் போட முடியாது, புனர் இல்லாமல் வெறும் வாழ்வு என்று எழுதவும் கூச்சம், ஆகவே விட்டுவிடுகிறார்கள்.

‘வாழ்வு’ அதைவிடப் பெரிய பிழை. வேலையில்லாதவருக்கு வாழ்வே இல்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. அந்தப் பிள்ளை காலையில் எழும்பி, கோழிக்குத் தீன் போட்டு, தம்பியோடு சண்டை பிடித்து வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறாள். அவளுக்குத் தேவை சம்பளம். சுன்னாகத்தில் விழிப்புலனற்றோருக்கான இல்லம் ஒன்றுக்கு வாழ்வகம் என்று பெயர். புனரும் இல்லை, மறுவும் இல்லை. யார் வைத்த பெயரோ, மொழி தெரிந்தவர்.

மிச்சம் இருக்கும் ‘தொழில்சார்’ பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் ‘சார்’ ஒரு கோந்துப் போத்தல். எதை எதோடு ஒட்டுவது என்று தெரியாவிட்டால் சார் போடு. உளசார், சமூகசார், வாழ்வாதாரம்சார். ஆனால் டொக்டரையும் எஞ்சினியரையும் தொழில்சார் நிபுணர் என்று எழுதுவதும் இதே நாட்டில்தான். அப்படியானால் தொழில்சார் புனர்வாழ்வு என்பது டொக்டர்மாருக்கா? தொழிற்பயிற்சி என்ற அழகான புணர்ச்சி பல வருடமாகப் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. அதைப் பார்த்தாவது பழகியிருக்கலாம்.

மற்றவர்களை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. நானும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மொழிபெயர்த்தவன். பழைய கோப்பில் இருந்ததைப் பார்த்துத் தொழில்சார் புனர்வாழ்வு என்று எத்தனையோ தடவை நானே அடித்திருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் செய்யவில்லை. வேலைத்தலத்தில் ஒருவருக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து கொடுப்பதை ஆங்கிலத்தில் ரீசனபிள் அக்கொமடேஷன் என்பார்கள். சாய்தளம் கட்டுவது, மேசையை உயர்த்துவது, வேலைநேரத்தை மாற்றுவது போன்றவை. ஒரு செயலமர்வில் தந்த கையேட்டில் அது ‘நியாயமான தங்குமிட வசதி’ என்று இருந்தது! பக்கத்தில் இருந்த சக்கரநாற்காலிக்காரர் கேட்டார், “சேர், லொட்ஜிலை றூம் போட்டுத் தருவினமோ?”

அப்புறம் எந்தச் சொல்? நான் பலதை வைத்துப் பார்த்தேன். ‘ஆளாக்கல்’ எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளையை ஆளாக்கிவிட்டேன் என்று நாங்கள் சொல்வதுதானே. ஜெய்ப்பூர் செயற்கைக் கால் போட்ட தையற்கார நண்பரிடம் சொன்னபோது, “அப்ப இவ்வளவு நாளும் நான் ஆளில்லையோ?” என்றார். விட்டேன். ‘நிலைநிறுத்தல்’ பொருளில் அருகே வருகிறது, ஆனால் முன்னால் தொழிலைப் போட்டதும் வேலைநிறுத்தம் போலக் கேட்கிறது. ‘ஆற்றுப்படுத்தல்’ எல்லாவற்றிலும் அழகு. சங்கப் பாட்டில் பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வள்ளலின் வாசலைக் காட்டுவதை விடவா வேலை தேடிக் கொடுப்பதற்கு உவமை வேண்டும்? ஆனால் அதை எங்கள் ஊரில் உளவளத்துணைக்குக் கொடுத்துவிட்டார்கள், இனித் திருப்பிக் கேட்க முடியாது.

கடைசியில் லத்தீன் வேருக்கே திரும்பிப் போனேன். ஹாபிலிஸ், பொருந்திய. பொருத்தம்! தொழிற்பொருத்தம். கால் பொருத்துவது என்கிறோம், சாதகப் பொருத்தம் என்கிறோம். பொருத்தம் ஒரு பக்கத்து விஷயமாக இருக்க முடியாது. ஆளை வேலைக்குப் பொருத்துவதும் உண்டு, வேலையை ஆளுக்குப் பொருத்துவதும் உண்டு. மீண்டும் என்ற பேச்சு இல்லை, வாழ்வு கொடுக்கும் வள்ளல்தனமும் இல்லை. 1988இல் வந்த 27/88ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதிலும் தகைமை இருக்கிறதா, அந்த வேலையைச் செய்யக் குறைபாடு தடையாக இல்லையா என்பதுதான் நிபந்தனை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்கவேண்டும் என்று நினைக்கும் ஊரில் இந்தச் சுற்றறிக்கையைத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்? சொல் விளங்கினால்தானே சுற்றறிக்கை விளங்கும். மருத்துவமனையில் நடக்கப் பழக்குகிறார்களே, அதற்குப் புனர்வாழ்வு இருந்துவிட்டுப் போகட்டும். என் வழக்கு வேலை பற்றியது.

அலுவலகத்தில் இருந்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சேர், சிங்களத்திலை புனருத்தாபன எண்டு இருக்கு. நாங்கள் வேறை மாதிரிப் போட்டால் கொழும்பிலை திருப்பி அனுப்புவினம்.” சிங்களத்தில் அது ஒழுங்கான சொல். அதைத் தமிழில் பாதி வெட்டி வாழ்வோடு தைக்கச் சொல்லிக் கொழும்பு கேட்டதா என்று கேட்க நினைத்தேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள், விட்டுவிட்டேன்.

அந்த அம்மாவின் படிவத்தில் மட்டும் தலைப்புக்கு மேலே பென்சிலால் ‘தொழிற்பொருத்தம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். முகம் மலர்ந்தது.

“தம்பி, மாப்பிளையும் இவையளே பாத்துத் தருவினமோ?”