லிஸ்டட் பப்: முகப்பு மட்டும்தானே என்று கைவைக்காதீர்கள்

இன்னொரு விக்டோரியா கால பப்பின் கவுன்டர் இடிபாட்டு லாரியில் ஏறிவிட்டது. சொல்லும் காரணமும் அதேதான்: "லிஸ்டட் என்றால் வெளிமுகப்பு மட்டும்தானே?"

இல்லை. லிஸ்டட் என்றால் சட்டம் பாதுகாக்கும் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் ஏறியது. இங்கிலாந்தில் ஒரு கட்டடம் அந்தப் பட்டியலில் ஏறினால் உள்ளும் புறமும் சேர்ந்தே ஏறுகிறது. கிரேடு 1, கிரேடு 2 என்ற தரப் பேதம் இதில் கிடையாது. கட்டடத்தோடு பொருத்திய கவுன்டர், மரத்தடுப்பு, டைல்ஸ், மாடிப்படி எல்லாம் அடக்கம். 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே வளாகத்துக்குள் நிற்கும் குதிரை லாயமும் சேர்த்திதான்.

பட்டியலின் பழைய பதிவுகளில் விவரம் நாலு வரிதான் இருக்கும்: செங்கல், ஜன்னல், ஓடு. "உள்ளே இருப்பதை எழுதவில்லையே" என்று அதைக் காட்டி வாதாடுகிறார்கள். அந்த வரிகள் கட்டடத்தை அடையாளம் காட்ட எழுதியவை. எழுதாமல் விட்டது எதுவும் விலக்கு ஆகாது. 2013 சட்டத்திருத்தத்துக்குப் பிந்தைய பதிவில், இன்ன பகுதி சேராது என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால்தான் விலக்கு.

போவது என்னவென்று தெரிய வேண்டுமா? லண்டனில் 'தி லாம்ப்', பர்மிங்காம் ஆஸ்டனில் 1901இல் கட்டிய 'பார்ட்டன்ஸ் ஆர்ம்ஸ்' ஆகிய இரண்டு பப்களிலும் ஸ்னாப் ஸ்கிரீன் (snob screen) என்ற மறைப்பு இன்னும் இருக்கிறது. கவுன்டருக்கு மேலே, கண் மட்டத்தில், மரச்சட்டத்துக்குள் சுழலும் சின்னச் சின்னக் கண்ணாடிகள். பூவேலை பொறித்தவை, வெளிச்சம் வரும், முகம் தெரியாது. பரிமாறுபவர் கண்ணில் படாமல் குடிக்க விரும்பிய வசதியானவர்களுக்காகச் செய்தது. வேண்டியதைக் கேட்க ஒன்றைத் திருப்பினால் போதும். வார்னிஷ் ஏறி இறுகிப்போனதை நெம்பினால் மூலையில் விரிசல் விழும். அதே கண்ணாடி இன்று கடையில் கிடைக்காது.

வேலைக்கு ஆள் பேசுவதற்கு முன்பே உள்ளூர் கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அலுவலரைப் பாருங்கள். லிஸ்டட் கட்டட அனுமதிக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை. வழக்கமாக 8 வாரத்தில் முடிவு வரும். அனுமதியின்றிக் கட்டடத்தின் தன்மையை மாற்றுவது 1990 லிஸ்டட் கட்டடச் சட்டப்படி குற்றம்: 2 ஆண்டு வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம். பழைய உரிமையாளர் செய்தது என்றும் தப்ப முடியாது. மீட்டமைக்கச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும், அதற்குக் காலவரம்பும் கிடையாது. ஆகவே வாங்கும்முன் பழைய படங்களையும் அனுமதிக் கோப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய பெயின்டை மெஷினால் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவரில் ஈரம் தெரிந்தால் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிரும். டைல் பெயர்ந்ததா? இருந்த இடத்தைப் படமெடுத்து, பின்புறம் எண் எழுதி, பெட்டியில் வையுங்கள். உடைந்த துண்டையும் தயவுசெய்து எறியாதீர்கள். புது டைல் வார்ப்பவருக்கு நிறமும் அளவும் அதிலிருந்துதான் கிடைக்கும்.